முக்கால் டன் டிரக்குக்கு ஹைப்ரிட் தேவையா? என் பதில் மாறிக்கொண்டே போன கதை

8 ஜூன் 2025

ஒரு வாசகர் கேட்டது: "ஃபோர்டின் எஃப்-150-க்கு 2021-லேயே ஹைப்ரிட் வந்துவிட்டது. டொயோட்டா டன்ட்ராவுக்கு 2022-ல் வந்தது. ஆனால் எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 மாதிரி ஹெவி டியூட்டி வண்டிகளுக்கு மட்டும் ஏன் இன்னும் வரவில்லை? அதிக பாரம் இழுக்கிற வண்டிக்குத்தானே மோட்டாரின் உதவி அதிகம் வேண்டும்?"

(ஹைப்ரிட் என்றால் எஞ்சினோடு, பேட்டரியில் ஓடுகிற மோட்டாரும் சேர்ந்தது. எஃப்-150, டன்ட்ரா வகையை அரை டன் என்பார்கள், எஃப்-250 வகையை முக்கால் டன், அதற்கு அடுத்ததை ஒரு டன்.)

என் பதில்: வேண்டாம். பாரம் இழுப்பதற்காக என்றால் நிச்சயம் வேண்டாம்.

நான் கொலராடோவில் பண்ணைகளுக்கு சோலார் பம்ப் பொருத்தும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான்கு டீசல் டிரக், மூன்று டிரெய்லர். வண்டிகளின் செலவுக் கணக்கும் என் கையில்தான். வாரத்துக்கு ஒரு முறையாவது டென்வரிலிருந்து ஐ-70 வழியாக மலையைத் தாண்டி மேற்கே போக வேண்டும். ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சில்வர்தார்ன் வரை சுமார் எட்டு மைல் ஒரே இறக்கம். திரும்பி வரும்போது அதே எட்டு மைல் ஏற்றம்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 மைல் வேகத்தில் அந்த ஏற்றத்தை ஏற, சக்கரத்தில் 130, 140 கிலோவாட் வேண்டும். எஃப்-150 ஹைப்ரிட்டில் இருக்கிற மோட்டார் 35 கிலோவாட், பேட்டரி 1.5 யூனிட் (கிலோவாட்-மணி). மோட்டாரை முழுசாக ஓட விட்டால் இரண்டரை நிமிடத்தில் பேட்டரி காலி. ஏற்றமோ பத்து நிமிடம். அதற்கப்புறம் எஞ்சின் தனியாகத்தான் இழுக்க வேண்டும், மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ ஜே2807 என்று ஒரு விதிமுறை இருக்கிறது. அரிசோனாவில் நெடுஞ்சாலை 68-ல் டேவிஸ் டேம் ஏற்றம், 11 மைலுக்கு மேல். ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, வேகம் 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு 35. அவ்வளவு தூரம் சின்ன பேட்டரி எங்கே தாங்கும்? கடைசியில் எஞ்சினின் பலம்தான் வண்டியின் பலம்.

8 ஜூன், இரவு

இறக்கத்தை விட்டுவிட்டேன். உயர வித்தியாசம் 2,100 அடிக்கு மேல். 20,000 பவுண்டு எடை அவ்வளவு தூரம் இறங்கினால் சுமார் 16 யூனிட் மின்சாரத்துக்கான ஆற்றல். இப்போது அது முழுக்க எக்ஸாஸ்ட் பிரேக்கிலும் (புகை வெளியேறுவதை மறித்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) பிரேக் டிரம்மிலும் சூடாகப் போகிறது. அதைப் பிடித்து வைக்க முடிந்தால் பெரிய விஷயம்தான். ஆனால் 1.5 யூனிட் பேட்டரியில் 16 யூனிட்டை எப்படி வைப்பது? அண்டாத் தண்ணீரைச் செம்பில் ஊற்றுகிற கதை.

10 ஜூன்

ஒருவர் இரண்டு தவறுகளைக் காட்டியிருக்கிறார். இரண்டும் சரி.

முதலாவது, எங்கள் வண்டியில் டிரம் கிடையாது, நான்கு சக்கரத்திலும் டிஸ்க். டிரம் டிரெய்லரில். எழுதும் வேகத்தில் கலந்துவிட்டேன்.

இரண்டாவது முக்கியமானது. 16 யூனிட்டும் பிரேக்குக்குப் போவதில்லை. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. உயரமான டிரெய்லர் என்றால் காற்று நிறையவே எடுக்கும். திரும்பக் கணக்குப் போட்டேன்: பிரேக் பிடித்து ஒழிக்க வேண்டியது சுமார் 10 யூனிட். மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் அதிலும் கழிவு உண்டு. கையில் மிஞ்சுவது 8 யூனிட் என்று வையுங்கள்.

ஒரு கேலன் டீசலை எரித்தால் நல்ல எஞ்சின் 13 முதல் 15 யூனிட் அளவுக்கு வேலை செய்யும். ஆக, அந்தப் பயங்கரமான எட்டு மைல் இறக்கம் முழுவதையும் பிடித்து வைத்தாலும் மிச்சம் அரை கேலனுக்குக் கொஞ்சம் மேல். பணமாகப் பார்த்தால் இரண்டு டாலர் சொச்சம். அதைப் பிடிக்க 60 கிலோவாட்டுக்கு மேல் மோட்டாரும் 10 யூனிட் காலியிடம் உள்ள பேட்டரியும் வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் என் முடிவு இன்னும் உறுதியாகிவிட்டது. மலையேற்றத்தைக் காட்டி ஹைப்ரிட் கேட்பது வீண்.

11 ஜூன்

"மோட்டாரின் டார்க் (சுழற்று விசை) உடனே கிடைக்குமே?" என்பவருக்கு: ஃபோர்டின் 6.7 டீசலில் அதிக சக்தி வகை 1,600 ஆர்பிஎம்-லேயே 1,200 பவுண்டு-அடி கொடுக்கிறது. அதற்கு மேல் டார்க் கொடுத்தால் வாங்கிக்கொள்ள டயருக்குத்தான் பிடிமானம் வேண்டும். டீசல் வண்டிக்கு டார்க் பற்றாக்குறை ஒருபோதும் இருந்ததில்லை.

22 ஜூன்

ஒன்று நடந்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மேற்குப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை. கிணற்றிலிருந்து பழைய பம்பைத் தூக்கிவிட்டுப் புதுசு இறக்க வேண்டும். எங்கள் வண்டி வழக்கம்போல ஓடிக்கொண்டே நின்றது: கிரேன் வின்ச்சுக்கு, கம்ப்ரஸருக்கு, கம்ப்யூட்டருக்கு, உள்ளே வந்து ஐந்து நிமிடம் குளிர்ந்து போகிறவர்களுக்கு. பக்கத்தில் தனியாக ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர், குழாய்க்கு மரை போடுகிற மெஷினுக்காக. அந்தச் சத்தத்தில் கிணற்றடியில் நிற்பவரிடம் கையைக் காட்டித்தான் பேச வேண்டும். "நிறுத்து" என்பதற்கு ஒரு சைகை, "இறக்கு" என்பதற்கு ஒரு சைகை. பல வருஷப் பழக்கம்.

அதே பண்ணையில் வேலி போட வந்த கான்ட்ராக்டரிடம் எஃப்-150 பவர்பூஸ்ட், அதாவது அந்த ஹைப்ரிட். பின்பெட்டியில் 7.2 கிலோவாட் பிளக். மதியம் எங்கள் ஜெனரேட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் வந்து, "என் வண்டியில் சொருகிக்கொள்ளுங்கள்" என்றார். மரை மெஷினின் வயரை அவர் வண்டியில் சொருகினோம். எங்கள் டிரக்கையும் அணைத்தேன், அப்போதைக்கு வின்ச் வேலை இல்லை.

சத்தமே இல்லை. மெஷின் சுற்றுகிற சத்தமும், குழாயில் எண்ணெய் சொட்டுகிற சத்தமும் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவர் வண்டியின் எஞ்சின் தானாக எழுந்தது, சில நிமிடம் ஓடியது, தானாக நின்றது. மறுபடி அமைதி. கிணற்றடியில் இருந்த எங்கள் ஆள் சாதாரணக் குரலில், "இன்னும் கால் அங்குலம்" என்றார். எனக்குக் கேட்டது. அதைக் கேட்டு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மலையைப் பற்றி எழுதியதில் மாற்றமில்லை. ஆனால் நான் கணக்குப் போட்ட இடமே தப்போ என்று தோன்றுகிறது.

23 ஜூன்

இன்று காலை நான்கு வண்டியின் டாஷ்போர்டிலும் எஞ்சின் மணிக்கணக்கைப் பார்த்தேன். மொத்த மணி, சும்மா நின்று ஓடிய (ஐடில்) மணி என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். நான் ஓட்டுகிற வண்டி:

ஓடிய தூரம் 71,400 மைல். மொத்தம் 4,120 மணி. அதில் ஐடில் 2,290 மணி.

பாதிக்கு மேல் வண்டி நகரவே இல்லை. இழுக்கிற வண்டி என்று நினைத்து வாங்கினோம், அது நிற்கிற வண்டியாக இருந்திருக்கிறது. ஒரு மணி நேர ஐடிலை 25 மைல் ஓட்டத்துக்குச் சமமாக வைத்து ஆயில் மாற்றுவது எங்கள் வழக்கம். அப்படிப் பார்த்தால் இந்த எஞ்சினுக்கு இன்னொரு 57,000 மைல் வயது கூட.

24 ஜூன்

"எங்கள் வண்டியில் ஐடில் 15 சதவீதம்தான்" என்கிறார் ஒருவர். குதிரை டிரெய்லர் இழுப்பவர். நம்புகிறேன். உங்களுக்கு நான் ஜூன் 8-ல் சொன்ன பதில்தான் பொருந்தும்: வேண்டாம், டீசலே நல்லது.

6 ஜூலை

ஐடிலில் எரிகிற டீசலை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்லத்தான் இது.

போன வருஷம் இன்னொரு வண்டிக்கு டிபிஎஃப் அடைத்தது. டீசல் புகைக்கரியைப் பிடித்து வைக்கிற வடிகட்டி அது. நெடுஞ்சாலையில் நல்ல சூட்டில் ஓடினால் பிடித்த கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். நின்றபடியே ஓடினால் புகைபோக்கியில் சூடு ஏறாது, கரி சேர்ந்துகொண்டே போகும். நாங்கள் மூன்று வாரம் ஒரே பண்ணையில் வேலை செய்தோம். தங்கும் இடம் நாலு மைல். ஃபில்டர் நிரம்புகிறது என்ற எச்சரிக்கை இரண்டு முறை வந்தது. வேலை முடியட்டும் என்று விட்டோம். மூன்றாவது முறை வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டது, பொதியேற்றிய வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. சர்வீஸ் சென்டரில் ஆறு நாள் கிடந்தது. ஃபோர்மேன் அந்த ஆறு நாளும் வாடகை வண்டியில் வந்தார். பில்லைப் பார்த்து முதலாளி ஒன்றும் பேசவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

19 ஜூலை

பழசைக் கொஞ்சம் தோண்டினேன். இந்த யோசனை புதுசே இல்லை.

ஜிஎம் 2000-களின் நடுவிலேயே சில்வராடோ, சியரா 1500-ல் ஒரு ஹைப்ரிட் விற்றது. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் 14 கிலோவாட் மோட்டார், பின் சீட்டுக்கு அடியில் 42 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி. வண்டியைத் தள்ளுவதற்கு அது பெரிதாக உதவாது. ஆனால் 120 வோல்ட் பிளக் நான்கு கொடுத்தார்கள், சைட்டில் மெஷின் ஓட்டுவதற்கு! அதே காலத்தில் டாட்ஜ், 2500-ல் கம்மின்ஸ் டீசலோடு மோட்டார் சேர்த்து 'கான்ட்ராக்டர் ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துக் கொஞ்சம் வண்டி செய்து பார்த்தது. பெயரைப் பாருங்கள். யாருக்கு என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

அப்புறம் 2009-ல் ஜிஎம் 'டூ மோட்' ஹைப்ரிட் டிரக்குக்குப் போனது. 6.0 லிட்டர் வி8, 300 வோல்ட் பேட்டரி, சிக்கலான கியர்பாக்ஸ். இழுவை 6,100 பவுண்டுதான். மைலேஜை முன்னால் வைத்து விற்றார்கள். 2013-ஓடு நின்றது. பாஸ்டனில் எக்ஸ்எல் ஹைப்ரிட்ஸ் என்ற நிறுவனம், பின்னாளில் எக்ஸ்எல் ஃப்ளீட், எஃப்-250-க்கு வெளியிலிருந்து ஹைப்ரிட் பொருத்தித் தந்தது. 2022-ல் அது அந்தத் தொழிலையே விட்டு வீட்டு சோலார் பக்கம் போய்ப் பெயரையும் மாற்றிக்கொண்டது.

எனக்குப் படுவது இது: சைட்டுக்கு என்று தொடங்கினார்கள், மைலேஜ் என்று விற்றார்கள். மைலேஜில் வாங்குகிறவருக்குப் பெரிய லாபம் தெரியவில்லை, கைவிட்டார்கள்.

20 ஜூலை

மைலேஜ் பற்றி ஒரு சேர்க்கை. 8,500 பவுண்டுக்கு மேல் மொத்த எடை அனுமதி உள்ள வேலை வண்டிக்கு ஜன்னலில் மைலேஜ் ஸ்டிக்கரே ஒட்ட வேண்டியதில்லை. ஷோரூமில் எஃப்-150 பக்கத்தில் நிற்கிற எஃப்-250-ல் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரசாங்கத்தின் எரிபொருள் அளவுகோலும் இந்த வகைக்கு வேறு: எவ்வளவு சுமக்கும், எவ்வளவு இழுக்கும், நான்கு சக்கர ஓட்டம் உண்டா என்று சேர்த்து 'வேலைக் காரணி' என்று ஓர் எண் போடுகிறார்கள். அந்த எண் ஏற ஏற எரிபொருள் வரம்பும் தளரும். நியாயமான யோசனைதான். ஆனால் எதற்கு அளவு? ஓடுகிற தூரத்துக்கு. என் வண்டியின் 2,290 மணி அந்த ஓட்டச் சோதனையில் எங்கே தெரியும்? யாரும் அளக்காததை யார் வேலை மெனக்கெட்டுச் சரிசெய்வார்கள்?

3 ஆகஸ்ட்

பேட்டரியும் மோட்டாரும் ஏற்றுகிற எடை. இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள், சரியாகத்தான் கேட்கிறீர்கள்.

என் வண்டியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்படி பேலோடு, அதாவது வண்டி சுமக்கலாம் என்ற எடை, 2,640 பவுண்டு. 12,000 பவுண்டு டிரெய்லர் மாட்டினால் ஹிட்ச்சில் (டிரெய்லரை மாட்டுகிற இணைப்பில்) உட்காருவது 1,500 பவுண்டுக்குக் குறையாது. நான்கு பேர் ஏறினால் 750. மிச்சம் 390. இதில்தான் கருவிப் பெட்டி, ஸ்பேர், சாப்பாடு, எல்லாம். 15 யூனிட் பேட்டரியும் மோட்டாரும் 400 பவுண்டு என்றால் கதை முடிந்தது.

டீசல் முக்கால் டன் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த வலி தெரியும். இழுக்கத் திறன் இருக்கும், சுமக்க இடம் இருக்காது.

4 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைத் தூங்கி எழுந்து பார்க்கிறேன், பாதிதான் சரி. ஜெனரேட்டரை மறந்துவிட்டேன். நாங்கள் எப்போதும் ஏற்றிப் போகிற ஜெனரேட்டரை இன்று தராசில் வைத்தேன்: 228 பவுண்டு. இரண்டு பெட்ரோல் கேன் நிரப்பினால் 65. அதைக் கட்டுகிற சட்டம் 40. மொத்தம் 333. வண்டியே மின்சாரம் தந்தால் இதெல்லாம் இறங்கிவிடும். பேட்டரி ஏறுகிற எடையில் பெரும்பகுதி ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது, வேறு உருவத்தில். அந்தக் கனத்தைத் தினம் இரண்டு பேர் தூக்கி இறக்குகிறோம் என்பதும் என் இடுப்புக்குத் தெரியும்.

5 ஆகஸ்ட்

பெரிய வண்டியிலேயே பிளக் வருகிறதே என்பவருக்கு: ஆமாம், ஃபோர்டின் சூப்பர் டியூட்டியில் (எஃப்-250-ம் அதற்கு மேலும்) 2 கிலோவாட் பிளக் இப்போதே கிடைக்கிறது. அதில் டிரில், சார்ஜர் ஓடும். ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். என் பிரச்சினையே அதுதான்.

14 செப்டம்பர்

செய்தி பார்த்திருப்பீர்கள். முழு மின்சார ராம் 1500 ஆர்இவி வராது என்று சொல்லிவிட்டார்கள். ராம்சார்ஜர் என்று 2023-ல் அறிவித்த வண்டிக்கு அந்த ஆர்இவி பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அதில் 3.6 லிட்டர் வி6 சக்கரத்தைத் தொடாது. 130 கிலோவாட் ஜெனரேட்டரைச் சுற்றும், அவ்வளவுதான். பேட்டரி 92 யூனிட். இழுவை 14,000 பவுண்டு என்று அறிவித்திருக்கிறார்கள்.

இதை வைத்து ஜூன் 8-ல் நான் எழுதியதைத் திருத்த வேண்டும். "ஏற்றத்தில் பேட்டரி தாங்காது" என்றேன். சின்ன பேட்டரிக்கு அது சரி. 130 கிலோவாட் ஜெனரேட்டரிடமிருந்து வந்துகொண்டே இருந்தால், அந்த எட்டு மைலுக்கு பேட்டரி போட வேண்டியது நாலைந்து யூனிட்தான். 92-ல் அது ஒன்றுமே இல்லை. இறக்கத்தில் வரும் 10 யூனிட்டுக்கும் இடம் இருக்கும்.

மலை உச்சியில் பேட்டரி நிறைந்திருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. டீசல் ரயில் எஞ்சின்கள் இறக்கத்தில் மோட்டாரை ஜெனரேட்டராக்கி, வருகிற மின்சாரத்தைப் பெரிய கம்பிச்சுருள்களில் சூடாக ஊதித் தள்ளிவிடும். பேட்டரியே தேவையில்லை. டிரக்கிலும் அப்படி ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத ஹைப்ரிட்டில் அந்த இறக்கத்தில் நான் இறங்க மாட்டேன். பாதி வழியில் பிரேக் சூடேறிய லாரிகளுக்காக வெட்டி வைத்திருக்கிற சரளைச் சரிவைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போகிறோம். ஒரு முறை அதில் புதைந்து நின்ற லாரியைப் பார்த்தேன், அச்சு வரைக்கும் சரளை, சக்கரத்திலிருந்து புகை.

ஆனால் 92 யூனிட் பேட்டரி எங்களுக்கு வேண்டாம். ஆகஸ்ட் 3-ல் போட்ட எடைக்கணக்கு அப்படியே நிற்கிறது.

26 அக்டோபர்

டீசல் வண்டியில் பேட்டரி வைத்து, சைட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது என் திட்டம். டீசல் மெக்கானிக் ஒருவர் எழுதியது அதில் ஓட்டை போட்டிருக்கிறது. டீசலை அடிக்கடி அணைத்து அணைத்துப் போட்டால் புகைபோக்கி ஆறிவிடும். டிஇஎஃப் திரவத்தை வைத்து நச்சு வாயுவைச் சுத்தம் செய்கிற பகுதிக்கு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பவர்பூஸ்ட் மாதிரி இரண்டு நிமிடம் ஓடி நிற்பது டீசலுக்கு ஒத்துவராது என்கிறார்.

இரண்டு நாள் யோசித்தேன். அவர் சொல்வது உண்மை. அப்படியானால் பேட்டரி கொஞ்சம் பெரிசாக இருக்க வேண்டும். ஒரு நாள் சைட் வேலைக்கு எங்களுக்கு 9, 10 யூனிட் போதும் என்று அளந்திருக்கிறேன். போகும் வழியில் நெடுஞ்சாலையிலேயே சார்ஜ் ஏறிவிட வேண்டும், சைட்டில் எஞ்சின் எழவே கூடாது. இல்லையென்றால்...

இல்லையென்றால் பெட்ரோல். இதை ஏன் முதலிலேயே நினைக்கவில்லை என்று தெரியவில்லை. ஃபோர்டின் 7.3 வி8 பெட்ரோல் 485 பவுண்டு-அடி டார்க். டீசலில் பாதிகூட இல்லை, அதுவும் ஆர்பிஎம் ஏறினால்தான் வரும். மோட்டாரின் கீழ்வேக டார்க் எங்கே குறையோ அங்கே வந்து உட்காரும். டிபிஎஃப் இல்லை, டிஇஎஃப் இல்லை. டீசல் எஞ்சினைவிட எடையும் குறைவு, அந்த இடத்தில் பேட்டரி வைக்கலாம். ஜூன் 11-ல் "டார்க் பற்றாக்குறை இல்லை" என்றேன். டீசலை மட்டுமே மனதில் வைத்துச் சொன்னது அது.

17 டிசம்பர்

ஃபோர்டும் முழு மின்சார எஃப்-150 லைட்னிங்கை நிறுத்துகிறது. அடுத்த லைட்னிங்கில் பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்குமாம், 700 மைலுக்கு மேல் ஓடுமாம். எல்லோரும் அரை டன் வண்டியைப் பற்றியே பேசுகிறார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் குளிரில் கரண்ட் போனபோது பவர்பூஸ்ட் வண்டிகளை வைத்து வீட்டுக்கு விளக்கேற்றினார்கள், டீலர்களிடம் இருந்த வண்டிகளையும் கடனாகக் கொடுக்கச் சொன்னது ஃபோர்டு. அந்த வாரம் கம்பம் நட்டுக் கம்பி கட்டப் போனவர்கள் எந்த வண்டியில் போயிருப்பார்கள்? பெரும்பாலும் 250, 350, 550. எஞ்சினை ஓட விட்டபடி.

11 ஜனவரி 2026

நான்கு வண்டியில் ஒன்றை இந்த வருஷம் மாற்ற வேண்டும். முதலாளி என்னிடம், "என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு, டீலரிடம் கொடுக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன்:

பெட்ரோல் வி8. ஒரு டன் சேஸிஸ். 60 கிலோவாட்டுக்குக் குறையாத மோட்டார், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். 15 யூனிட் பேட்டரி. 240 வோல்ட்டில் 7 கிலோவாட் பிளக், எஞ்சின் அணைந்த நிலையில். பேட்டரி நிறைந்த பிறகும் வேலை செய்கிற இறக்கப் பிரேக். பேலோடு 3,000-க்குக் குறையக் கூடாது.

டீலர் நல்ல மனிதர். முழுவதும் படித்தார். "இப்படி ஒன்று இல்லை" என்றார். அப்புறம் தாளைத் திருப்பித் தராமல், "இதை மேலே அனுப்பலாமா?" என்று கேட்டார். அனுப்பச் சொன்னேன். நான்கு வண்டியின் மணிக்கணக்கையும் படமெடுத்துக் கூடவே கொடுத்தேன். உங்கள் வண்டியின் ஐடில் மணியையும் இங்கே போடுங்கள், மொத்த மணியோடு சேர்த்து. அடுத்த வாரம் அவரைப் பார்க்கும்போது அதையும் கொண்டுபோகிறேன்.